தனிக்கார்டுக்காரர்கள்

தேங்காய்க்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. தாவரவியல் பதிவேட்டின்படி கோக்கோஸ் என்பது ஒரு பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்துவைக்கும் வீடு. அதற்குள் இருப்பது கோக்கோஸ் நுசிஃபெரா என்ற ஒரே சிற்றினம். நெட்டை, குட்டை, செவ்விளநீர் என்று நாற்றுப் பண்ணையில் எத்தனை பெயர் சொல்லி விற்றாலும் எல்லாம் அந்த ஒன்றின் ரகங்கள்தான். புளியும் அப்படியே. டாமரிண்டஸ் பேரினத்தில் புளியமரத்தைத் தவிர வேறு மரம் கிடையாது. சிவன் கோயில் வில்வம் ஏகிள் பேரினத்தில் தனியாள். பிள்ளையார் சதுர்த்திக்குத் தேடிப்பிடித்து வாங்கும் விளாம்பழம் லிமோனியா பேரினத்தில் தனியாள். நம் அடுப்படிக்கும் கோயிலுக்கும் நடுவில் இத்தனை ஒண்டிக்கட்டைகளா என்று முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தன் கூட்டத்தில் தான் மட்டுமே மிஞ்சிய உயிர்கள் என்று பேச்சு வந்தால் வழக்கமாக பிளாட்டிபஸ், ஜின்கோ மரம், ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் என்று ஒரு பட்டியல் ஓடும். அந்தப் பட்டியலில் தேங்காயையும் புளியையும் சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. ஊரில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ள ரேஷன் கார்டுகள் சில இருக்கும். ஒன்று, வீட்டில் மற்ற எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் ஒரு பாட்டியின் பெயர் மட்டும் மிஞ்சிய கார்டு. இன்னொன்று, அண்ணன் தம்பிகளோடு ஒத்துவராமல் தனிக்கார்டு வாங்கிக்கொண்டு போனவருடையது. அண்ணன் அடுத்த தெருவில் சௌக்கியமாக இருப்பார். கார்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தேங்காய் இரண்டாவது ரகம். ஒரு காலத்தில் கோக்கோஸ் பேரினம் பெரிய கூட்டுக்குடும்பமாக இருந்தது. தென் அமெரிக்காவின் பனைவகைகள் பலவற்றையும் அதற்குள்தான் வைத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இத்தாலியத் தாவரவியலாளர் ஓடோவார்டோ பெக்காரி 1916-ல் பூட்டியா என்று ஒரு கூட்டத்தைத் தனிப் பேரினமாக வெளியேற்றினார். அழகுக்காக உலகம் முழுக்க நடப்படும் ராணிப்பனை 1968-ல் சியாகரஸ் பேரினத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் நர்சரிக்காரர்கள் அதைக் கோக்கோஸ் என்ற பழைய பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வியாபாரம் நடந்தால் சரி. இப்படி எல்லாரும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் மிஞ்சியது தென்னை மட்டும். அதற்காகத் தென்னைக்கு உறவே இல்லை என்று ஆகிவிடுமா?

உறவைப் பார்க்க ஆய்வகம் போக வேண்டாம். நார் உரித்த தேங்காயைக் கையில் எடுத்துக் கண்களைப் பாருங்கள். மூன்று இருக்கும். தென்னம்பூவின் சூலகம் மூன்று அறைகளால் ஆனது. அறைக்கு ஒரு கண். அதில் ஒன்று மட்டும் மெத்தென்று, விரலால் அழுத்தினால் உள்ளே போகும்படி இருக்கும். முளை வருவது அதன் வழியாகத்தான். மற்ற இரண்டும் இறுகி அடைபட்டவை. இந்த மூன்று கண் தென்னைக்கு மட்டும் உரியதல்ல. பாமாயில் எடுக்கும் எண்ணெய்ப்பனையின் கொட்டையிலும் உண்டு, ராணிப்பனையின் கொட்டையிலும் உண்டு. ஓடு இறுகி அதில் கண் விழுந்த பனைகளை ஒரு கூட்டமாகவே வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் முகத்தில் ஜாடை இருக்கத்தான் செய்யும்.

புளியின் விஷயம் கொஞ்சம் வேறு. இதன் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. 1753-ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தபோது இந்தியாவின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். நமக்கும் அதை வெளியூர் மரமாக நினைக்க மனசு வராது. பழத்தைத் தின்று, குழம்பில் கரைத்து, கொட்டையை வறுத்து, இவ்வளவு பழக்கமான மரத்தின் பூவை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தால் போதும். வெளிர் மஞ்சளில் மூன்று இதழ், ஒவ்வொன்றிலும் சிவப்பு நரம்பு ஓடும். அவரைக் குடும்பத்துப் பூ என்றால் ஐந்து இதழ் இருந்தாக வேண்டுமே என்று தேடினால், மீதி இரண்டு அடியில் வெறும் மயிரிழைகளாகச் சுருங்கிக் கிடக்கும். மகரந்தம் தரும் கேசரங்களும் மூன்றுதான், அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும். இப்படி ஒரு பூவும், பழுத்த பிறகும் டார்டாரிக் அமிலம் குறையாத சதையும் சேர்ந்துதான் புளியைத் தனிப் பேரினமாக நிறுத்தியிருக்கின்றன. ஆனால் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் அதே துணைக்குடும்பத்தில் அசோக மரம் நிற்கிறது. சீதை இருந்த வனத்து அசோகத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வாசலில் ஈட்டிபோல் உயர்ந்து நிற்பது நெட்டிலிங்கம். அதை அசோகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வில்வமும் விளாவும் எலுமிச்சைக் குடும்பம். கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். வில்வ இலையைக் கசக்கி மோந்தாலே தெரிந்துவிடும். இரண்டும் தனித்தனிப் பேரினம் என்றாலும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்தில் இல்லை. ஓடு உடைத்துத் தின்னும் பழம் இரண்டுக்கும் பொது. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாவரவியலாளர்கள் பிரித்து அடுக்கியதில் தனியாக விழுந்தவை.

தனிக்கார்டு எப்படி உருவாகிறது என்று கண்ணெதிரே பார்க்க வேண்டுமானால் நம் மாநில விலங்கிடம் போக வேண்டும். வரையாட்டை வெகுகாலம் இமயமலைத் தார், அரேபியத் தார் இரண்டோடும் சேர்த்து ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மூன்றும் செங்குத்தான பாறையில் ஏறும் ஆட்டு ஜாதி, பார்க்கவும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. 2005-ல் ஆன் ரோப்பிக்கே, அலெக்ஸாந்தர் அசானின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரபணுவை வைத்துப் பார்த்தபோது மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. நம் வரையாடு செம்மறியாட்டுக்கு நெருக்கம். இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம். அரேபியத் தாருக்கு நெருங்கியது வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆடு. உடனே கார்டு மூன்றாகப் பிரிந்தது. வரையாட்டுக்கு நீலகிரிட்ராகஸ், அரேபியத் தாருக்கு அரபிட்ராகஸ், இமயமலைத் தாருக்குப் பழைய ஹெமிட்ராகஸ். ஒரே ஆராய்ச்சிக் கட்டுரையில் மூன்று ஒண்டிக்கட்டைகள்! முக்கூர்த்தியிலும் இரவிகுளத்திலும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு அன்றும் அதே புல், அதே பாறை.

தலைகீழாகவும் நடக்கும். 2003-ல் இடுக்கிப் பக்கத்திலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்று உலகத்துக்கு அறிமுகமானது. உப்பிய உடம்பு, பன்றிக்கு இருப்பதுபோல் கூர்ந்த வெள்ளை மூக்கு. வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்றுகொண்டு கிடந்து, மழை தொடங்கும் சில நாட்கள் மட்டும் இணைசேர மேலே வரும். அதனால்தான் அவ்வளவு காலம் விஞ்ஞானத்தின் கண்ணில் படாமல் இருந்தது. அதற்கு நெருங்கிய உறவு இந்தியாவிலேயே இல்லை. நடுக்கடலில், செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் குட்டித் தவளைகள்தான். இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம். புதிய குடும்பம், புதிய பேரினம், ஒரே தவளை என்று பதிவானது. சரி, 14 வருஷம் அப்படியே போனது. 2017-ல் மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டிலிருந்து இரண்டாவது தவளையை விவரித்தார்கள். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு மேலே வரும். இது வடகிழக்குப் பருவமழைக்கு. 2014-ல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்கு அவர் பெயர். கார்டில் ஒரு பெயர் கூடியது.

இத்தனையும் பார்த்த பிறகு, பேரினத்தில் ஒரே இனம் என்ற தகவலை மட்டும் கேட்டு நான் இப்போதெல்லாம் வாய் பிளப்பதில்லை. பேரினம் என்பது மனிதர்கள் வசதிக்குப் போட்ட தடுப்பு. கேட்க வேண்டியது வேறு: மிச்சம் உள்ள உயிர்களிடமிருந்து இது பிரிந்து எத்தனை காலம் ஆயிற்று? அதற்குத்தான் கனம் இருக்கிறது. லண்டன் விலங்கியல் சங்கம் 2007-ல் தொடங்கிய எட்ஜ் திட்டம் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எந்த விலங்கை முதலில் கவனிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. எவ்வளவு தனித்த கிளை, எவ்வளவு ஆபத்து, இரண்டும் சேர்ந்து மதிப்பெண்.

பிரிந்த காலத்தை மட்டும் பார்த்தால் ஊர்வனவற்றில் நியூசிலாந்தின் டுவாட்டாராவோடு போட்டிபோட ஆள் கிடையாது. பார்த்தால் ஓணான் ஜாதி என்றுதான் யாரும் சொல்வார்கள். 1831-ல் லண்டனில் அதன் மண்டையோட்டைப் பார்த்த விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரேயும் அப்படித்தான் ஓணான்களோடு சேர்த்தார். 1867-ல் ஆல்பர்ட் குந்தர் பிரிட்டிஷ் மியூசியத்தில் எலும்புகளை நிதானமாக ஆராய்ந்து, இது ஓணானும் இல்லை பல்லியும் இல்லை, இதற்குத் தனி வரிசையே (பல குடும்பங்கள் அடங்கும் பெரிய பிரிவு) வேண்டும் என்று சொன்னார். 2020-ல் வெளியான அதன் மரபணுத் தொகுப்பும் அதையே சொல்கிறது: பல்லி, பாம்பு இரண்டின் கிளையிலிருந்து டுவாட்டாரா பிரிந்து சுமார் 25 கோடி வருஷம். டைனோசர் காலத்தில் இந்த வரிசையில் விதவிதமான ஊர்வன இருந்தன. நீரில் வாழ்ந்தவைகூட உண்டு. எல்லாம் போய்விட்டன.

அதன் வாயைத் திறந்து பார்த்தால் இந்தத் தனிமை புரியும். மேல்தாடையில் இரண்டு வரிசைப் பல், கீழ்த்தாடையில் ஒரு வரிசை. கடிக்கும்போது கீழ்வரிசை மேலே உள்ள இரண்டுக்கும் நடுவில் போய் உட்காரும். பிறகு கீழ்த்தாடை முன்னால் நகர்ந்து ரம்பம்போல் அறுக்கும். பல் தாடை எலும்போடு ஒட்டியே வளர்வதால் விழுந்து முளைக்காது. வயதான டுவாட்டாராவுக்குப் பல் தேய்ந்து, அது மண்புழு, புழுபூச்சி என்று மெத்தென்ற தீனிக்கு மாறிவிடும். அதற்குள் நூறு வயதைக்கூடத் தாண்டியிருக்கும். இன்வர்கார்கில் மியூசியத்தில் இருந்த ஹென்றி என்ற கிழவர், பல வருஷம் கூண்டில் யாரோடும் ஒத்துப்போகாமல் கடித்துக்கொண்டிருந்தார். பின்புறத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு குணம் மாறி, 2009-ல் 110 வயதைத் தாண்டிய நிலையில் அப்பா ஆனார். உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்றும் உண்டு. லென்ஸ், விழித்திரை எல்லாம் வைத்து. குஞ்சாக இருக்கும்போது வெளியே தெரியும், சில மாதத்தில் செதில் மூடிவிடும்.

டுவாட்டாராவின் கார்டிலும் ஒரு காலத்தில் இரண்டு பெயர் இருந்தது. குந்தரின் பெயரிலேயே இரண்டாவது சிற்றினம் ஒன்றைத் தனியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் வந்த மரபணு ஆய்வு, அது தனி இனமாகப் பிரிக்கும் அளவுக்கு வேறுபடவில்லை என்று காட்டவே, இரண்டும் ஒன்றாயின. மிச்சம் ஒன்று.

ஜின்கோவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். விசிறி வடிவ இலை, இலையுதிர் காலத்தில் மரம் முழுக்கப் பொன் நிறம், பெண் மரத்தடியில் அழுகிய வெண்ணெய் நாற்றம் அடிக்கும் விதை. தாவர உலகின் ஒரு முழுப் பிரிவில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரு மரம்தான். ஜுராசிக் காலத்திலிருந்து இதன் வம்சம் உலகம் முழுக்க இருந்து, கடைசியில் சீனத்து மலைகளில் மட்டும் மிஞ்சியது. கோயில் தோட்டங்களில் நட்டு வளர்த்ததால் ஜப்பான், கொரியா என்று பரவியது. 1896-ல் ஹிராசே சாகுகோரோ என்ற ஜப்பானியர் தோக்கியோவின் கொய்ஷிகாவா தோட்டத்து மரம் ஒன்றிலிருந்து எடுத்த விதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இதன் ஆண் அணு நீந்துவதைக் கண்டார். நீந்தும் ஆண் அணு பெரணிக்கு உரியது. விதை போடும் மரம் ஒன்று அந்தப் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது என்று தெரிந்தது அப்போதுதான். ஹிரோஷிமாவில் 1945-ல் குண்டு விழுந்த பிறகும் சில ஜின்கோ மரங்கள் துளிர்த்தன. ஆனால் எனக்கு அதைவிட, தோட்டத்தில் மனிதன் வைத்ததால் ஒரு முழுப் பிரிவு பிழைத்தது என்பதுதான் பெரிய செய்தி.

நமக்குப் பக்கத்திலேயே இப்படி ஒன்று இருக்கிறது. பாக் நீரிணைக் கரை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள், புத்தகத்தில் கடல்பசு. மூன்று மீட்டர் வரை நீளம், நானூறு கிலோ வரை எடை, தின்பது கடல்புல். மேய்ந்த இடத்தில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், தெளிந்த தண்ணீரில் மேலிருந்து பார்த்தால் மணலில் வளைந்து வளைந்து தடம் தெரியும். பாலூட்டி என்பதால் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். தாயின் மடி முன்துடுப்பின் அடியில் இருக்கும். யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான் மடி. நிலத்தில் இருக்கும் நெருங்கிய சொந்தங்களில் யானை ஒன்று என்பதால் இதில் அதிசயமில்லை. அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் உள்ள மனாட்டிகள் மூன்று இனம். ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஆனால் வேறு குடும்பம்; அவற்றின் வால் வட்டமானது, இதற்கு டால்பின்போல் பிளந்த வால். ஆவுளியாவின் சொந்தக் குடும்பத்தில் இன்று அது மட்டும்.

அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் இருந்தார், ரொம்ப நாள் முன்பு அல்ல. 1741-ல் ரஷ்யக் கடற்படை அதிகாரி பெரிங்கின் கப்பல் வட பசிபிக்கில் ஒரு தீவில் உடைந்து கரை ஒதுங்கியபோது, அதில் இருந்த இயற்கையியலாளர் கியோர்க் ஸ்டெல்லர் எட்டு மீட்டர் நீளக் கடல்பசுக்களைப் பார்த்தார். பல் கிடையாது, கரையோரக் கடற்பாசியை மேய்ந்துகொண்டு, மனிதர்களைக் கண்டு பயப்படாமல் இருந்தன. பசியில் இருந்த மாலுமிகள் அதைப் பிடித்துச் சாப்பிட்டுத்தான் பிழைத்தார்கள். செய்தி பரவியது. அந்த வழியாக ரோமத்துக்காகப் போன வேட்டைக் கப்பல்கள் எல்லாம் கறிக்கு அங்கே நின்றன. 1768-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டு 27 வருஷம்! ஒரு வரிசையோ குடும்பமோ ஒற்றைப் பெயருக்குச் சுருங்குவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் தேவை என்று நினைத்தால், இது சில கப்பல்கள் செய்த வேலை.

ஆவுளியாவின் வயிற்றுக் கணக்கு இன்னும் கவலை தருவது. பெண் முதல் குட்டி போடுவதற்கே சில சமயம் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். 13 முதல் 15 மாதம் வரை கர்ப்பம், ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம். எழுபது வயதுவரை வாழக்கூடியது என்பதால்தான் இந்த வேகத்தில் வம்சம் ஓடிக்கொண்டிருந்தது. வளர்ந்த பெண் ஒன்று வலையில் மாட்டிச் செத்தால் அந்த இடத்தை நிரப்பப் பல வருஷம் ஆகும். சீனாவை ஒட்டிய கடலில் அது நடைமுறையில் இல்லாமல் போய்விட்டது என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. இந்தியாவில் கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா மற்றும் பாக் நீரிணை, அந்தமான் நிகோபார் ஆகிய மூன்று பக்கம்தான் மிச்சம். அதுவும் எல்லாம் சேர்த்துச் சில நூறு.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. நல்ல காரியம்தான். ஆனால் கடலுக்கு வேலி போட முடியாது. இழுவைமடி போட்ட விசைப்படகு ஒன்று ஓடினால் கடல்புல் தரை சீவி எடுத்ததுபோல் ஆகிவிடும். நாட்டுப்படகுக்காரர் விரித்த செவுள்வலையில் ஆவுளியா மாட்டினால், மேலே வர முடியாமல் சில நிமிடத்தில் மூச்சுமுட்டிப் போய்விடும். முன்பு அதை ரகசியமாகக் கூறுபோட்டு விற்பார்கள். அது சட்டப்படி புலிக்குச் சமமான அட்டவணையில் இருக்கும் விலங்கு. இப்போது பல ஊர்களில் மீனவர்களே வலையை அறுத்து உயிரோடு விடுகிறார்கள். வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டி வெகுமதி கொடுத்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

சால்வையும் சான்றிதழும் இருக்கட்டும். அறுத்த வலை மறுபடி பின்னிச் சேர்க்கிற பொருள் இல்லை, நாட்டுப்படகுக்காரருக்கு அது அந்த சீசனுக்குப் போட்ட முதல். வலைக்கான காசு, விழா நடக்கும் வரை காத்திருக்காமல், அவர் அடுத்து கடலுக்குப் போவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.